திரும்புநேரம்

நெத்தோலி தரை தொட்டது காலை ஆறு ஐம்பத்திரண்டுக்கு.
எரிந்தது நூற்றுப்பத்து நொடி.
மீதி எட்டு நிமிஷமும்
இறக்கத்தில் இஞ்சினை அணைத்துவிட்ட லாரிபோல
சும்மா மிதந்து வந்தது,
சாமித்தோப்பு உப்பளங்களுக்கு மேலே.

மாலை நாலரைக்கு மறுபடி போகணும்.

முதல் தடவை நாற்பத்தொரு நாள் எடுத்தோம்.
அப்புறம் பதினொன்று.
வைகாசியில் மூன்று. அதிலும் ஒன்றரை நாள்
நாகர்கோவிலில் கிடைக்காத ஒரு ரப்பர் வளையத்துக்காக
பெங்களூர் பஸ்ஸை எதிர்பார்த்து நின்றது.
இன்றைக்கு ஒரே பகலில் இரண்டு.
கொட்டகைச் சுவரில் சிவப்பு எண்கள் ஓடுகின்றன.

ஸ்டார்லின் சக்கரத்தைக் காலால் எத்திப் பார்க்கிறான்.
‘வடசேரி ஸ்டாண்டுல இவ்வளவுதான்,
கண்டக்டர் டீ குடிச்சு முடிக்கதுக்குள்ள
வண்டி திரும்பிரும்.’
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
நாங்கள் விற்கப் பார்ப்பதும் அதைத்தானே,
வானத்துக்கு ஒரு டவுன் பஸ்.

என் வேலை உள்ளே பார்ப்பது.
விரல் தடிமனில் ஒரு குழாய்,
நுனியில் விளக்கும் கண்ணும்.
இன்னும் சூடு ஆறாத தொண்டை வழியே இறக்குகிறேன்.
கரி. மண்ணெண்ணெய் வாசம்.
தெளிப்புத் தட்டில் நூற்றிருபது துளைகள்.
ஜெபமாலை உருட்டுகிற மாதிரி அல்ல,
மீன்சந்தையில் மீதிச் சில்லறை எண்ணுகிற மாதிரி
எண்ண வேண்டும்,
எதிரே நிற்பவரை நம்பாமல்.

தொண்ணூற்றேழு வரைக்கும் சரி.

தொண்ணூற்றெட்டின் விளிம்பில் ஒரு கோடு.
துடைத்தேன். இருந்தது.
மறுபடி துடைத்தேன்.
கொஞ்சம் மெலிந்த மாதிரி,
மெலியாத மாதிரி.

‘கரியாத்தானே இருக்கும், ஜெஸ்லெட்?’
பத்மதாஸ் சார் கேட்டார்.
அவர் குரலில் கேள்விக்குறி இருந்தது,
கேள்வி இல்லை.

இதே விமானம்தான் ஒன்பது தடவை போனது என்று
வருகிறவர்களிடம் சொல்கிறோம்.
சக்கரம் மூன்றாவது ஜோடி.
பற்றவைப்பான் போன வாரம் மாற்றியது.
மூக்குத் தகடு புதிது.
விமானியும் இரண்டாவது ஆள்;
முதல் ஆளுக்குக் கல்யாணமாகி துபாய்.
பழசு என்று சொல்ல மிஞ்சியது
இந்தத் தட்டும்
வாலில் எழுதிய எண்ணும்தான்.

சாயம் பூசிப் பார்த்தால் தெரிந்துவிடும்.
அதற்குத் தட்டைக் கழற்றணும்.
கழற்ற நாலு மணி நேரம், மாட்ட ஆறு.

ஆரல்வாய்மொழிக் கணவாயை விட்டு
ஆடிக் காற்று இறங்கத் தொடங்கியிருந்தது.
தூரத்தில் காற்றாலைகள்
யாரும் எண்ணாத சுற்றுகளைச் சுற்றிக்கொண்டிருந்தன.

‘இன்னைக்கு இல்ல’ என்று எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
‘தெரியவில்லை’ என்று எழுதினேன்.
அதற்குக் கீழே கையெழுத்து.

யாரும் கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.
விமானி தலைக்கவசத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு
பழம்பொரி வாங்கப் போனார்.
ஸ்டார்லின் முதல் திருகைத் தளர்த்தினான்.

இரவு எட்டே முக்காலுக்கு
கடைசி பஸ் வளைவில் திரும்பியது,
ஒரு முகப்பு விளக்குதான் எரிந்தது,
பிரேக் அழுதது.
உள்ளே யாரோ சிரிக்கும் சத்தம்.
சுவரில் எண்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.
பதின்மூன்று ஐம்பத்துமூன்று.
நிறுத்த
ஒருவருக்கும் தோன்றவில்லை.