நாற்பத்தொன்றில் முடியும் எண்

ஒண்ணரை ஷிப்டு அரை ஷிப்டாகி
அரை ஷிப்டு "சொல்லி அனுப்பறோம்" ஆகி
மூணு சனிக்கிழமை சம்பளக் கவர் இல்லாமல் போனபின்
பதினஞ்சு வேலம்பாளையம் நெட் சென்டரில்
கால் ஆடும் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன்.

வேலை போனவர்களுக்குப் பாதிச் சம்பளம் உண்டாம்
தொண்ணூறு நாளைக்கு.
செக்கிங் டேபிள் ருக்குமணி சொன்னாள்.
அவளுக்கு யாரோ சொன்னது.
வாங்கினவர் யாரையும் இருவரும் பார்த்ததில்லை.

"அக்கா, உங்க பேர்ல ஐ-யா, ஒய்-யா?"
நவநீதன் கேட்கிறான்.
மயிலாத்தாள் என்று கூப்பிட்டவர்கள்
அதையெல்லாம் யோசிக்கவில்லை.
ஆதாரில் ஒரு விதம், கம்பெனி எழுதிக்கொடுத்தது ஒரு விதம்,
பேங்குப் புத்தகத்தில் இரண்டும் இல்லாமல் ஒன்று.
அந்தப் பேங்கே இன்னொரு பேங்கோடு சேர்ந்துவிட்டது.
கோடெல்லாம் மாறிப்போச்சு,
கார்டில் மட்டும் பழைய பேர் அழியாமல் இருக்கிறது.
இல்லாத பேங்கின் கார்டும்
பூட்டின கம்பெனியின் அடையாள அட்டையும்
ஒரே கவருக்குள் ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேனென்கின்றன.
வெயில்தான், வேறொன்றுமில்லை.

கணக்கை மாற்ற நீலப் பட்டனை அமுக்கினால்
ஆறு இலக்கம் வரும்
நாற்பத்தொன்றில் முடியும் எண்ணுக்கு.
"அது இப்ப என்கிட்ட இல்லீங்க தம்பி."
சரி, எண்ணை மாற்றலாம்.
அதற்கும் ஆறு இலக்கம் வரும்
நாற்பத்தொன்றில் முடியும் எண்ணுக்கு.

போன வருசம்
மகளுக்கு பஸ் பாஸா எனக்கு ரீசார்ஜா என்று வந்தபோது
விட்டுப்போன நம்பர்.
என் நம்பரை நானே கூப்பிட்டேன்.
மணி அடித்தது.
ஏனோ சேலையைச் சரிசெய்துகொண்டேன்.

"ஏனுங்க, யாருங்க?"
காங்கயம் பக்கம் கொப்பரைக் களத்தில் வேலையாம்.
பேர் சொல்லவில்லை.
பின்னால் தேங்காய் உடைகிற சத்தம்.
விசயத்தைச் சொன்னதும் குரல் இறுகிவிட்டது:
"ஆருக்கும் சொல்லப்படாதுன்னு
அந்த மெசேஜ்லயே போட்டிருக்குதுங்களே."
சரிதான்.
நானாயிருந்தாலும் சொல்லமாட்டேன்.

வைத்துவிடுவாள் என்றிருந்தேன்.
"டியர் மைலத்தல்ங்கறது நீங்களுங்களா?
எட்டு மாசமா உங்களுக்கு நாந்தானுங்க பதில் சொல்றேன்.
திங்கக்கிழமையானா குழுக்கடன்காரரு.
அப்பறம் அந்தச் சீட்டுக்காரம்மா.
உங்க புள்ளைக்கு காலேஜ்ல ஒரு பேப்பர் நிக்குது,
தெரியுமுங்களா?"
தெரியாது.
"இன்னொருத்தரு வெள்ளிக்கிழமை ரவைக்குக் கூப்பிடுவாரு.
அலோன்னு சொன்னதும் வெச்சுருவாரு."

பிறகு ஒவ்வோர் எண்ணாகச் சொன்னாள்
சில்லறை எண்ணி வைப்பதுபோல.
நாலாவதில் மேஸ்திரி கூப்பிட்டார்.
அஞ்சாவதில் பத்து நிமிஷம் முடிந்து
பஸ் இருக்கிற படங்களைத் தொடச் சொன்னது திரை.

மறுநாள் அவளுக்கு லீவு. அதற்கடுத்த நாள் சர்வருக்கு.
மூணாம் நாள் பொழுதோட
களம் கூட்டி முடித்து அவளே கூப்பிட்டாள்:
"இப்ப அமுத்துங்க."

நவநீதன் அறுபது ரூபாய் வாங்கினான்,
ரசீது வேண்டுமென்றதால் எழுபது.

ஒரு மாசமாய் அந்தப் பக்கத்தில் ஒரே வார்த்தை,
பரிசீலனையில்.

சனிக்கிழமை, சம்பளம் போடுகிற நேரத்துக்கு,
அவள் கூப்பிட்டாள்.
"உங்க பேருக்கு மெசேஜே காணமுங்க இப்பல்லாம்.
பணம் வந்துருச்சுங்களா?"
"பேரைப் பார்த்துட்டு இருக்காங்களாமுங்க."
"அத்தன நாளா எதைப் பாக்கறாங்க,
கூப்பிட்டா நீங்க திரும்பறீங்கல்ல."

களத்தில் சத்தமே இல்லை. சாப்பாட்டு நேரம்போல.
பிறகு மெதுவாக,
"அவரு நேத்தும் கூப்பிட்டாருங்க.
இந்தப் புது நம்பரைச் சொல்லட்டுங்களா?"

அவளிடம் பத்து நிமிஷக் கணக்கெல்லாம் கிடையாது.
லைனிலேயே இருந்தாள்.