மேடன் துறை, இரவுப் பணி

அறிக்கை வந்திருக்கிறது.
நாற்பத்தோரு பக்கம். முதலாளி அச்செடுத்து
கெட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்,
நாங்களும் படித்து உய்யட்டும் என்று.
உலக மாண்டரின் விளைச்சல் கூடுமாம்.
சீனா தான் விளைத்ததில் பெரும்பாதியைத் தானே தின்றுவிடுமாம்.
மொரோக்கோவில் மழை இல்லை,
ஸ்பெயினில் மழை தவறான மாதத்தில்.
தென்பாதி உலகத்துக்கு, அதாவது எங்களுக்கு,
'எச்சரிக்கையான நம்பிக்கை'.
அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே
ந்தோம்பி கோப்பையை வைத்து
ஒரு பழுப்பு வட்டம் போட்டிருந்தாள்.

என் வேலை அந்த அறிக்கையில் வராது.
பழத்துக்குள் குத்திய ஊசி என்ன சொல்கிறதோ
அதை மணிக்கொரு தரம் எழுதுவது.
சுழியத்துக்குக் கீழே அரை டிகிரி.
இருபத்திரண்டு நாள் அசையாமல் நிற்க வேண்டும்,
அரிசியில் பாதி இருக்கும் ஒரு புழு
ஐரோப்பாவைப் பார்க்காமலே சாக வேண்டும் என்பதற்காக.
வெளியே டர்பன் ஜூலையிலும் வியர்க்கிறது.
உள்ளே நான் இரண்டு கம்பளிச் சட்டை,
அதற்கு மேல் வேறு யாருடையதோ ஒரு கோட்டு.

பத்தொன்பதாம் நாள், அதிகாலை மூன்று பத்து,
மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் இருமி, யோசித்து, மறுபடி இருமி
பதினோரு நிமிடம் கழித்து எழுந்தது.
ஏழாம் அறை, நான்காம் ஊசி:
சுழியத்துக்கு மேலே ஒன்று.
மற்ற ஊசிகள் எல்லாம் நல்ல பிள்ளைகள்.

சாக்ரன் படையாச்சி வந்து எண்ணைப் பார்த்தார்.
பிறகு தன் காலணியைப் பார்த்தார்.
"ஊசி பழுதுன்னு எழுதலாம், தேவராணி.
ஊசிதானே. அது என்ன, சாட்சி சொல்லவா வரப்போகுது?"
கப்பல் சனிக்கிழமை. தவறினால் பத்து நாள்.
பத்து நாளில் பெருவின் பழம் ரோட்டர்டாம் போய்
விலையின் மேல் உட்கார்ந்துகொள்ளும்.
தோட்டக்காரர் பொத்கீட்டர் தினமும் மாலை அழைக்கிறார்,
பிரசவ வார்டுக்கு வெளியே நிற்பவரின் குரலில்.

எழுதினேன்.
மூன்று பத்து முதல் மூன்று இருபத்தொன்று வரை. கூட்டல் ஒன்று.
கை நடுங்கியது. குளிர்தான், பெரும்பாலும்.
ஏழாம் அறையின் கணக்கு
முதல் நாளுக்குத் திரும்பிப் போனது.
மாலையில் போன் அடித்தபோது
நான் எடுக்கவில்லை. சாக்ரன் எடுத்தார்.
என் பெயரைச் சொல்லவில்லை; அதுவரை நன்றி.

இன்னும் ஒரு மாதம் தாங்காது என்று
பாதி அறையை உள்ளூர்ச் சந்தைக்கு விற்றார்கள்.
வியாழன் காலை, வார்விக் ரோபோவில் சிவப்பு.
வலைப்பைகளைத் தோளில் மாட்டிய ஒருவன்
கார்களுக்கு நடுவே நடந்தான்.
"நார்ச்சி! நார்ச்சி! இருபது ராண்ட்!"

நாரத்தை என்று எந்தத் துறையிலோ கப்பல் ஏறிய சொல்.
டச்சுக்காரன் வாயில் நைந்து, வால் இழந்து
இங்கே நார்ச்சியாக இறங்கியது என்பார்கள்.
அதற்கு ஊசி குத்தவில்லை.
குளிரறையில் நாள் எண்ணவில்லை.
புளிப்பை மட்டும் வழியில் எங்கோ
கடலில் போட்டுவிட்டது.
ஊறுகாய் போடுகிற காய்க்குரிய பெயரை
இந்தத் தேன்கட்டி எப்படி வைத்துக்கொண்டது,
கேட்க ஆளில்லை.

வாங்கினேன்.
ஒவ்வொன்றிலும் எங்கள் ஒட்டு வில்லை,
ஏற்றுமதித் தரம், பொன் எழுத்து.
தோல் ஒரே இழுப்பில் வந்தது.
விதையில்லாத ரகத்துக்குத்தான்
எதிர்காலம் என்கிறது பக்கம் பதினேழு.
மூன்றாம் சுளையில் விதை.
துப்ப இடம் தேடுவதற்குள் பச்சை விழுந்தது,
பின்னால் மினிபஸ்காரன் ஹாரனில் சாய்ந்தான்.
உம்கேனி பாலம் வரைக்கும்
அது கன்னத்துக்குள்ளேயே இருந்தது.