பதினான்காவது படி

அறுபதாம் ஆண்டு விழாவுக்கு ஒரு பித்தளைத் தகடு.
எட்டு வரிக்குத்தான் இடம் என்றார்கள்.
பெயர் திரட்டும் வேலை
கொதிகலன் அறைக்குப் பக்கத்தில்
பராமரிப்புப் பிரிவு என்று நாற்காலி போட்டிருக்கும்
என் தலையில் விழுந்தது.

ரெக்டர்கள் நால்வர், பணம் தந்த வங்கி ஒன்று.
நான் பேனா மூடியைத் திறப்பதற்குள்
ஐந்து வரி போய்விட்டது.

தெற்குச் சிலியில் மழையைப் பற்றித் தனியாகச் சொல்வதற்கில்லை.
வருடத்தில் பாதி நாள்
வானம் எங்கள் கூரையில்தான் குடித்தனம்.
முகப்புக்கு ஆறு தூண் வேண்டும் என்று கேட்டார்களாம்.
தூணுக்கு வைத்த காசில்
வகுப்புக்கு வகுப்பு நனையாமல் போக
நானூறு மீட்டர் கூரை வரைந்து கொடுத்தாள் ஒருத்தி.
பெரிய நிலநடுக்கத்துக்கு மறுவருடம் அது.

ஒருத்தி என்றுதான் முதலில் தெரியும்.
வரைபடத்தின் மூலையில்
கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தைச்
சவரத் தகட்டால் சுரண்டியிருந்தார்கள்,
எழுபத்துமூன்றுக்குப் பிறகு,
பொறுமையாக, ஒவ்வொரு தாளாக, நாற்பத்தேழு தாள்.
விளக்குக்கு முன்னால் பிடித்தால்
அங்கே மட்டும் தாள் மெலிந்து
பெயரின் நீளத்துக்கு வெளிச்சம் வருகிறது.
அளவுகோல் வைத்து அளந்தேன்.
அந்த நீளத்துக்குப் பொருந்தும் பெயரைச்
சம்பளப் பேரேட்டில் தேட
இரண்டு குளிர்காலம் ஆயிற்று.
ஹிமேனா ஒயார்சூன். வயது முப்பத்தொன்று.
கடைசிச் சம்பளம் வாங்கப்படவில்லை.

நூலகர் ஒஃபேலியா மான்க்கெ ஜன்னலுக்காகச் சண்டை பிடித்தவர்.
உலகத்தின் இந்தப் பக்கத்தில்
வெயில் வடக்கிலிருந்து வரும்.
புத்தகத்துக்கு ஆகாது என்றார் அவர்,
படிக்கிறவனுக்கு ஆகும் என்றாள் ஹிமேனா.
பதினேழு கடிதம் இருக்கிறது,
கடைசி மூன்றில் மரியாதை வார்த்தைகூட இல்லை.
பாதிக்குப் பாதி என்று முடிந்தது.
எங்கள் நூலகம்
ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு நிற்பது அதனால்தான்.

பிறகு அந்தப் படி.
நடுக்கட்டடத்து மாடிப்படியில் பதினான்காவது,
மற்றதைவிட இரண்டு விரற்கடை உயரம்.
கலவை மீந்தது, கொட்ட மனமில்லாமல்
எலெயுதேரியோ கத்ரிலேயோ ஊற்றிவிட்டார் என்பார்கள்.
அன்றைக்கு மகள் பிறந்தாள்,
மட்டம் பார்க்காமல் ஓடிவிட்டார் என்றும் சொல்வார்கள்.
பேரேட்டில் இருப்பது இவ்வளவே:
கத்ரிலேயோ, கொத்தனார், அரை நாள் கூலி பிடித்தம்.

மார்ச் மாதம் புதிதாக வருகிற பிள்ளைகள்
முதல் வாரம் அதில் முட்டிக்கொள்வார்கள்.
மூன்றாம் வாரம் கால் தானாகத் தூக்கும்.
அறுபது வருடம் இந்த ஊரின் மருத்துவர்கள், வாத்தியார்கள்,
படிப்பைப் பாதியில் விட்டு மீன் சந்தைக்குப் போனவர்கள்
எல்லோர் முழங்காலும் அந்த அரை நாளைப் பாடம் பண்ணியது.

போன ஜூனில் பாதுகாப்புக் குழு வந்து
படியைச் செதுக்கிச் சரியாக்கியது.
மறுநாள் காலை
வேதியியல் பேராசிரியை, காப்பித் தட்டோடு வந்த பையன்,
குழுவின் தலைவர் உள்பட
இல்லாத உயரத்துக்குக் கால் தூக்கிக்
காற்றை மிதித்துத் தடுமாறினார்கள்.
கைப்பிடியைப் பற்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள்,
பின்னாலிருந்து யாரோ
பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.

மிச்சம் மூன்று வரி, மூன்று பெயர்.
எழுதி அனுப்பினேன்.
வங்கியின் பெயர் நீளம், இரண்டு வரி பிடிக்கும்,
ஒன்றை எடு என்று திரும்பி வந்தது.

இரண்டாவது ரெக்டரை எடுத்தேன்.
மேலிருந்து நியமிக்கப்பட்டவர், எட்டு மாதம் இருந்தார்.
சவரத் தகடு வாங்கிய ரசீதில்
கையெழுத்து அவருடையது.

பதில் இன்னும் வரவில்லை.
கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறுகிறேன்.
பன்னிரண்டு. பதின்மூன்று.
வெட்கமாகத்தான் இருக்கிறது,
செதுக்கிய அன்று கணக்கெழுதியவனே நான்,
என் கால் மட்டும் இன்னும்
கொஞ்சம் அதிகமாகத் தூக்குகிறது.