விரலுக்கு வயது

இருமல் மாத்திரை வந்த தகர டப்பாவில்
பஞ்சு வைத்து
தோமாவின் விரலைக் கொண்டுவந்தார்
தோல்மின் மலைக்கும் மேலேயிருந்து
கோயில்பிள்ளை யெர்னெய்.
இரண்டு பேருந்து, ஒரு ரயில்.
லியூப்லியானாவில் பனி சேறாகிக் கிடந்தது.
பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு
காலுறையோடு ஆய்வகத்துக்குள் நடந்தார்,
பீடத்துக்கு வருகிறவர்போல.

"பாதிரியார் வேண்டாம் என்றார்.
பிஷப் சரி என்றார்.
எனக்கென்ன தெரியும்,
நான் மணி அடிப்பவன்."

படிவத்தில் ஒரு கட்டம்: எதிர்பார்க்கும் காலம்.
முதலாம் நூற்றாண்டு என்று எழுதினார்.
கொஞ்சம் யோசித்து
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்,
சின்னதாக.

நான் நம்புகிறவள் இல்லை.
ஆனாலும் துளைக்கருவியை எடுத்தபோது
ஒரு நொடி கை கூசியது.
தழும்பைத் தொடாமல் ஒப்பமாட்டேன் என்று
நீண்ட விரல் இது,
இதுதான் என்றால்.
அவன் தொட்டானா இல்லையா,
எழுதியவர் எழுதாமலே விட்டுவிட்டார்.
என்னைத் தப்பாக எண்ணமாட்டான்.
இருவருக்கும் ஒரே தொழில்.

அரை கிராம் தூள். அமிலம். ஒன்பது வாரம்.

முடிவு ஒரு பக்கம்கூட வரவில்லை.
ஆயிரத்து முந்நூற்று நாற்பது, முப்பது ஆண்டு முன்பின்.
பெண்.
மூட்டு தேய்ந்திருக்கிறது: கடும் உழைப்பு.

போனில் சொன்னேன்.
அவர் பக்கம் வெகுநேரம்
கோழிகளின் சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு,
"முதலாம் நூற்றாண்டு என்றே வந்திருந்தால்
நீங்கள் ஞானஸ்நானம் வாங்கியிருப்பீர்களா?"
மாட்டேன் என்றேன்.
அந்த நூற்றாண்டில் செத்தவர்கள் எத்தனையோ கோடி.
"அப்படியானால் நான் மட்டும் எதற்கு..."
முடிக்காமல் வைத்துவிட்டார்.

அன்றிரவு ஒரு கடிதம் எழுதி
அனுப்பாமல் அழித்தேன்.
அதில் இருந்தது ஏறக்குறைய இவ்வளவு:

யெர்னெய்,
முன்னொரு காலத்தில் ஓர் ஊரில் என்று
உங்கள் ஆட்கள் கதையைத் தொடங்கவில்லை.
ஊர்ப்பெயர் சொன்னார்கள்,
ஆளுநரின் பெயர் சொன்னார்கள்,
கிழமைகூடச் சொன்னார்கள்.
அவர் எழவில்லையென்றால் எல்லாம் வீண் என்று
மொத்தச் சொத்தையும் மேசையில் வைத்தவர்கள்
அவர்களேதான்.
விலாசம் கொடுத்தவன் வீட்டுக் கதவை
தட்டத்தானே செய்வார்கள்?

தட்டினால் உள்ளே ஆளில்லை.
ஆளில்லை என்பதே அவர்கள் காட்டும் சாட்சி.
என் பிழைப்போ எலும்பு.
அங்கே ஒன்று கிடைத்தால் உங்கள் கோபுரம் கவிழும்.
கிடைக்காதவரை,
கிடைக்கவில்லை என்பதற்கு மேல்
என் கருவிக்கு ஒரு சொல்லும் தெரியாது.
காற்றுக்கு நாங்கள் வயது பார்ப்பதில்லை.
இதை வெற்றி என்று கொண்டாடிவிடாதீர்கள்.
பிடிபடாதவன் எல்லாம்
குற்றமற்றவன் ஆகிவிடமாட்டான்.
பிடிபடாததால் குற்றவாளியும் ஆகமாட்டான்,
அதையும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

ஜூலை மூன்றாம் தேதி, திருவிழா முடிந்த மாலை,
மிச்ச எலும்பைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
கண்ணாடிப் பேழை காலியாக இருந்தது.
காலையில் அதற்கும்
வரிசையில் நின்று முத்தமிட்டார்களாம்.
கண்ணாடி முழுக்க உதட்டுத் தடம்.
அவர் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டப்பாவை வாங்கியவர் பேழைப் பக்கம் திரும்பவில்லை.
கல்லறைத் தோட்டத்து மதிலோரம்
பூச்செடி ஊன்றும் அளவுக்கு
முன்பே ஒரு குழி தோண்டி வைத்திருந்தார்.
"பெயர்?"
மாதிரி எண்ணைச் சொன்னேன்.
ஏழாயிரத்து நூற்றுப் பதினான்கு.
தலையாட்டினார்,
ஏதோ பக்கத்து வீட்டுக்காரியின் பெயர்போல.

மண்ணைத் தள்ளி மூடியபடியே கேட்டார்,
"அந்தப் படிவத்தில் என் கேள்விக்குறி
இன்னும் இருக்கிறதா?"
இருக்கிறது என்றேன்.
"இருக்கட்டும்."

சேற்றுக் கையோடு மணிக்கயிற்றைப் பிடித்தார்.
அந்த ஊரில் ஆண் செத்தால் மூன்று,
பெண் செத்தால் இரண்டு.
இரண்டு அடித்தார்.