கோடு போடுகிறவள்

இரவு இரண்டு மணிக்கும் தார் சுடுகிறது.
முழங்காலுக்கடியில் ஈரச் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு
ஃபீனிக்ஸ் நகரத்தின் கடைவளாகம் ஒன்றில்
வண்டி நிறுத்தத்துக்குக் கோடு போடுகிறேன்.
பகலில் போட்டால்
காய்வதற்குள் பெயிண்ட் கொப்பளித்துவிடுகிறது.

இருபது வருடத் தொழில்.
முதன்முதலாக இங்கே நான் போட்டவை
இருநூற்றுப் பன்னிரண்டு கட்டங்கள்.
இப்போது நூற்று எண்பத்தேழு.
நிலம் சுருங்கவில்லை.
கட்டம் கொஞ்சம் அகன்றது, அவ்வளவுதான்,
இடுப்பு வாரில் ஒரு துளை தள்ளிப் போடுகிற மாதிரி.
"கதவு திறக்க இடம் வேண்டாமா, மரிசேலா?"
என்பார் மேலாளர்.
வேண்டும்தான்.

குறைந்ததை ஈடுகட்ட
நடுத்திட்டில் நின்ற ஐந்து பாலோ வெர்தே மரங்களை எடுத்தார்கள்.
இலையெல்லாம் உதிர்த்துவிட்டு
பச்சைப் பட்டையாலேயே பசியாறும் மரம்.
தள்ளுவண்டி சேர்க்கும் ஆர்வில் அதனடியில்தான்
சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பான்.
இப்போது நிற்கிற வண்டிகளின் நிழலில் உட்காருகிறான்.
நிழல் பெரிதுதான், குறை சொல்லக்கூடாது.
என்ன, பாதிச் சாப்பாட்டில்
வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறது.

போன செவ்வாய் நள்ளிரவில்
ஐஸ்கட்டி வாங்க ஒருவன் வந்தான்.
கறுப்பு வண்டி. அதன் முகப்பு
எழுந்து நின்றால் என் கழுத்துக்கு வரும்.
நான் மண்டியிட்டிருந்தேன்.
அவன் கண்ணாடியைப் பொறுத்தவரை
நான் இன்னும் பிறக்கவேயில்லை.
என் எச்சரிக்கைக் கூம்பு நசுங்கிய சத்தத்தில்தான் நிறுத்தினான்.
படியில் கால்வைத்து,
மாடியிலிருந்து இறங்குகிறவன்போல் இறங்கினான்.
கை நடுங்கிக்கொண்டிருந்தது,
என் கையைவிட அதிகமாக.
பெயர் தாட்சர் என்றான். தண்ணீர் பாட்டில் தந்தான்.
நான் எதுவும் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான்:
"தெருவில் எல்லாரும் பெரிது வைத்திருக்கிறார்கள்.
சின்னதில் என் மகளை எப்படி உட்காரவைப்பேன்?"

பின்னிருக்கையில் அவள் வாய்பிளந்து தூங்கினாள்.
அவளுக்காக எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, குளிருக்கு.
வெளியே முப்பத்தாறு டிகிரி.
புகைக்குழாயின் சூடு என் கன்னத்தில் அடித்தது.
அணைக்கச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

எனக்கும் இருக்கிறது ஒன்று.
எந்திரம் ஏற்றுகிற பழைய பிக்கப் போன வருடம் படுத்துவிட்டது.
அதே அளவில் புதிதாகக் கேட்டேன்.
விற்பனைக்காரன், நல்ல பையன்,
செத்துப்போனவர்களை விசாரித்ததுபோல்
தலை குனிந்துகொண்டான்.
ஏழு வருடத் தவணையில் வாங்கிவந்தது
நான் போட்ட கட்டத்தில்
எனக்கே அடங்குவதில்லை.

கோட்டை மிதித்து நிற்கிற வண்டிக்குச் சீட்டு ஒட்டுகிறார்கள்.
கோடை வருடாவருடம் தன் கோட்டைத் தாண்டி நிற்கிறது,
ஏப்ரலில் ஒரு சக்கரம், அக்டோபரில் ஒரு சக்கரம்.
அதன் கண்ணாடியில் சீட்டு ஒட்ட
ஏணிக்கு எங்கே போவது?

இன்றைக்கு வேலை, போடுவது இல்லை, அழிப்பது.
வடக்கு வரிசையில் பன்னிரண்டு கட்டங்களுக்குள்
'சிறிய வண்டி' என்று எழுதியிருக்கிறது.
நான் எழுதியதுதான்,
தகரத்தில் வெட்டிய எழுத்துகளை வைத்து,
என் மகன் வயிற்றில் இருந்தபோது.
குனிய முடியாமல் ஒருக்களித்து உட்கார்ந்து பூசியதால்
பன்னிரண்டும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும்.
அவற்றின்மேல் கறுப்பு அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

கறுப்புதான் வெயிலை நிறையக் குடிக்கும்.
குடித்துக் குடித்து முதலில் உரிவதும் அதுதான்.
அடியில் இருக்கும் வெள்ளை
மணலுக்கு மேலே எலும்பு தெரிகிற மாதிரி
மெல்ல எழுந்து வரும்.

இரண்டு முறை பூச வேண்டும் என்பது ஒப்பந்தம்.
ஒரு முறை பூசிவிட்டு
வாளியை மூடுகிறேன்.