அட்டை

ஆடியில் குன்னூரில் அட்டை இரண்டு வகை.
காலில் ஏறுவது ஒன்று,
நான் எழுதி வைப்பது இன்னொன்று.
இரண்டும் குடித்துக் குடித்து ஊதும்.
வர்க்கி டின்னுக்குள் ஒரு பிடி அரிசி போட்டு மூடிப் பார்த்தேன்,
அரிசிதான் பூத்தது.

ஏலக் கிடங்கில் கழித்துப்போட்ட அட்டைகள்.
முன்பக்கம் தூளின் தரம், மூட்டைக் கணக்கு.
பின்பக்கம் என்னுடையது.
ஒன்றில் ஒன்றுதான் எழுதுவேன்.

63: கேத்தியில் உறைபனி.
உருளைச் செடி கருகியது, முட்டைக்கோசு பிழைத்தது.

140: பார்க்க 141.
(141 எங்கே போனதென்று தெரியவில்லை.)

318: பிலோமினா அக்கா
விட்டுப்போன கணவரை இன்னும்
'அவரு' என்றுதான் சொல்கிறார்.

நேற்று ராத்திரி கூரை ஒழுகியது.
மேஜையில் இறைந்து கிடந்ததில்
63-ம் 318-ம் ஒட்டிக்கொண்டன.
பிளேடு முனையால் மெல்லப் பிரித்தேன்.
கோசின்மேல், இடவலம் மாறி,
நீலமாய் ஓர் 'அவரு'.

ஏழு வருஷம் ஒரே டின்னில் இருந்தவை.
நான் அறிமுகப்படுத்தியதே இல்லை.

புது அட்டை எடுத்தேன்.
முன்பக்கம்: டஸ்ட், இருபத்திரண்டு மூட்டை.
402: மூடிக்கொண்ட இலையைப் பனி தொடுவதில்லை.
அடித்தேன். பொய்.
வெளி இலைகள் கருகத்தான் செய்யும்,
உரித்துப் போட்டுவிட்டுத்தானே
சந்தைக்கு அனுப்புகிறார்கள்.

402: எத்தனை இலை போயிற்று, அக்கா?

கீழே பொடியாக,
பார்க்க 63, 318.
கொஞ்சம் யோசித்து
141-ஐயும் சேர்த்தேன்.