தொண்ணூற்றேழு

இரவு மூன்று பத்து. சாங்கியில் என் திரை.
போர்னியோவுக்கு மேற்கே
நான்கு நாளாக ஒரு மேகத்திரள்,
போகவும் மனமின்றிச் சுழலவும் தெரியாமல்.
பெயர் இல்லை. எண் உண்டு, தொண்ணூற்றேழு.
தொண்ணூறு முதல் தொண்ணூற்றொன்பது வரை
பத்தே எண்கள்தான் இவற்றுக்கு.
கலைந்ததன் எண்ணை
சுற்று வந்ததும் இன்னொன்றுக்குக் கொடுத்துவிடுவார்கள்.
பெயர், புயலான பிறகுதான்.

ரோஸ்னானி கோப்பியை வைத்துவிட்டுக் கேட்கிறாள்,
"ஆகுமா?"
"ஆகாது."
இந்த வேலையில் பெரும்பாலும் அதுதான் சரியான விடை.

கடல் மேல் குறை சொல்ல முடியாது,
இருபத்தெட்டு பாகைச் சூடு.
ஐந்து கிலோமீட்டர் மேலே
வடக்கிலிருந்து வந்த வறண்ட காற்றொன்று
பக்கவாட்டில் நுழைந்து ஈரத்தைக் குடிக்கிறது.
இன்னும் மேலே காற்று வேறு திசை.
நிமிரும்போதெல்லாம்
தலை ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம்.

இவையெல்லாம் கூடி வந்தாலும்
நாம் இருப்பது பூமியின் இடுப்பில்,
ஒன்றேகால் பாகையில்.
இங்கேதான் பூமி அதிவேகமாக ஓடுகிறது,
இங்கேதான் அது காற்றின் தோளைத் தொட்டுத் திருப்புவதில்லை.
நேரே வந்தது நேரே போய்விடும்.

ஆனாலும் ஒன்று ஆயிற்று.
இரண்டாயிரத்தொன்று டிசம்பர்.
தென்சீனக் கடலின் இடுக்கில்
குளிர்காற்று பிதுங்கி இறங்கிய வாரம்,
போர்னியோவின் பழைய சுழல் ஒன்று
போக வேண்டியது
சில நாள் தங்கிவிட்டது.
அவ்வளவுதான், தங்கியது.
ஒன்றரைப் பாகையில் புயல்!
குவெக் அந்தப் படத்தை
இன்னும் லாக்கர் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்.
எத்தனையோ வாரங்கள் இப்படி இருந்தும்
ஏன் அந்த வாரம் என்றால்
தோளைக் குலுக்குகிறார்.

கேகே மருத்துவமனையில், ஒன்பதாவது வாரம்,
அந்தத் திரையையும் இப்படித்தான் பார்த்தேன்.
தொழில் பழக்கம்.
சாம்பலில் ஒரு கரு,
நடுவில் அசைவு தேடினேன்.
டாக்டர் ஒலியைக் கூட்டிப் பார்த்தார், பிறகு குறைத்தார்.
"நிறைய பேருக்கு நடப்பது.
நீங்கள் எதுவும் தவறாகச் செய்யவில்லை."
நான் கேட்டது காரணம்,
அவர் சொன்னது எண்ணிக்கை.
கோபப்பட முடியவில்லை.
நானும் நாட்டுக்கு அதைத்தானே சொல்கிறேன்,
எழுபது விழுக்காடு, முப்பது விழுக்காடு.

அறிக்கை எழுதுவது ஆங்கிலத்தில், அதனால் தப்பித்தேன்.
அம்மாவிடம் போனில் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.
"கலஞ்சிருச்சும்மா."
வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் கேட்டது,
மேகத்துக்கும் அதே சொல்.

சேந்தன் அன்று ஒன்றும் பேசவில்லை.
பதினோராம் மாடியில்
மூங்கில் கழிகளை உள்ளே இழுத்துத்
துணிகளை ஒவ்வொன்றாக மடித்தான்,
சாயங்காலம் மழை என்று
காலையில் நான் சொல்லியிருந்தேன்.
மழை வரவில்லை.
அவன் அதைச் சொல்லிக் காட்டவும் இல்லை.

ஐந்தரைக்குத் தொண்ணூற்றேழு
இரண்டாகப் பிய்ந்தது.
வரைபடத்திலிருந்து வட்டத்தை எடுத்தார்கள்.
ஈரம் மட்டும் எங்கும் போகவில்லை,
அங்கேயே நிற்கிறது, ஊர் பேர் இல்லாமல்.
மதியம் பாசிர் ரிஸில் பள்ளி விடும் நேரத்துக்குப்
பெய்யலாம் என்று எழுதினேன்.

பையை மாட்டிக்கொண்டே ரோஸ்னானி கேட்டாள்,
"அடுத்தது எப்போ?"
எதைக் கேட்கிறாள் என்று ஒரு கணம் தெரியவில்லை.
சூலு கடலில் ஒரு வெண்புள்ளி.
ஆறு மணி நேரம் கழித்துப் பார்க்கலாம் என்றேன்.